கை மாறி வந்த மருந்து

பெரியம்மைத் தடுப்பின் தொடக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூருக்குப் போகிறார்கள். எட்வர்ட் ஜென்னரின் வீடு அங்கே காட்சியகமாக இருக்கிறது. ஊர் ஏழைகளுக்கு அவர் காசு வாங்காமல் அம்மை குத்திய குடிலும் தோட்டத்தில் நிற்கிறது. முடிவைப் பார்க்க வேண்டுமானால் சோமாலியாவின் மெர்க்கா துறைமுகத்துக்குப் போக வேண்டும். 1977 அக்டோபரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரருக்கு அங்கே பெரியம்மை கண்டது. இயற்கையாக அந்த நோய் பிடித்த கடைசி மனிதர் அவர்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் தண்டையார்பேட்டை இருக்கிறது. பெரியம்மை மனித உடலில் என்ன செய்கிறது, ஒருவரை விட்டு இன்னொருவரை எப்படிப் பிடிக்கிறது, அம்மை குத்திக்கொண்டவருக்கு எவ்வளவு காவல் என்பதையெல்லாம் உலகம் தெரிந்துகொண்டதில் பெரிய பங்கு வடசென்னையின் ஒரு தொற்றுநோய் மருத்துவமனைப் படுக்கைகளிலிருந்து வந்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இது தெரியாது. வடசென்னை என்றால் குத்துச்சண்டை, கத்தி, கண்டெய்னர் லாரி என்று சினிமா முடிவு கட்டிவிட்ட காலத்தில், இந்தக் கதையை அந்தத் தெருக்களில் நடந்துதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை போவதென்று ஒரு புதன்கிழமை விடியலில் கிளம்பினேன். தமிழ்நாட்டு அரசு சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள் புதன். நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

ராயபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினால் 1856-ஐப் பற்றிப் பேசாமல் நகர்வது கடினம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. அதன் தூண்களைப் பற்றி வேறு பலர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் பழைய ஜெயில் ரோடு பக்கம் நடந்தேன்.

ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கும்பினி நடத்திய போரில் சுற்றுப்புறக் கிராமங்கள் பாழாகி, பஞ்சம் பட்ட மக்கள் கோட்டையை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் தொடங்கியது மணியக்காரர் சத்திரம். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்டான்லியின் வேர் அதுதான். வயிறு ஒட்டி வந்தவர்களுக்குக் கஞ்சிக்கு அடுத்தபடியாக வைத்தியம் தேவைப்பட்டதில் வியப்பில்லை. பஞ்சம் வந்த ஊருக்குப் பின்னாலேயே அம்மையும் வரும் என்று நம் முன்னோர் கண்டு வைத்திருந்தார்கள். கூட்டமாய் அடைந்து கிடக்கும் இடம், சோறில்லாத உடம்பு, ஊர் ஊராக நடக்கும் ஜனம் ஆகிய மூன்றும் பெரியம்மைக்குப் போதும்.

அந்த மருத்துவமனை தொடங்கிய காலத்தில்தான் ஜென்னரின் செய்தி உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார். பிறகு பெரியம்மைச் சீழையே அவனுக்கு வைத்துப் பார்த்தார். நோய் பிடிக்கவில்லை. 1798-ல் அதை நூலாக்கினார். அதற்கு முன்னும் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. பெரியம்மைச் சீழையே கொஞ்சமாகக் கீறி வைக்கும் வழக்கம் வங்காளத்தில் நன்கு வேரூன்றி இருந்தது. ஹோல்வெல் என்ற கும்பினி மருத்துவர் அதைப் பார்த்து 1767-ல் லண்டனில் விரிவாக எழுதி அச்சிட்டிருக்கிறார். துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் சீனத்திலும் அது உண்டு. ஆனால் அப்படிக் கீறியவருக்கு உண்மையான பெரியம்மையே வரும். பெரும்பாலும் இலேசாக வரும், சிலரைக் கொன்றுவிடும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். பசு அம்மையில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் அந்தப் பசு அம்மையை இந்தியாவுக்கு எப்படிக் கொண்டுவருவது? கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நீர் காய்ந்து வீரியம் போய்விடும். வியன்னாவில் இருந்த ழான் தெ கர்ரோ என்ற மருத்துவர், அந்த நீரில் நனைத்த துணியிழையைக் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே வைத்து, மெழுகு பூசி, கான்ஸ்டாண்டினோபிள் வழியாகப் பாக்தாதுக்கு அனுப்பினார். அங்கிருந்து பாஸ்ரா. பாஸ்ராவிலிருந்து கைக்குக் கை மாறி, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. இந்தத் துணைக்கண்டத்தில் வெற்றிகரமாக அம்மை குத்தப்பட்ட முதல் ஆள் அந்தக் குழந்தை. அவள் கையிலிருந்து எடுத்த நீர் ஐந்து பிள்ளைகளுக்கு. அவர்களிடமிருந்து புனே, சூரத், ஹைதராபாத், சென்னை, இலங்கை.

இதை நினைத்துக்கொண்டே பழைய ஜெயில் ரோட்டில் நடக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்தது. ஒரு கையில் கொப்புளம் பழுக்க ஏறக்குறைய எட்டு நாள். அதற்குள் அடுத்த கை கிடைக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் சங்கிலி அறுந்துவிடும். மறுபடி பம்பாயிடம் கேட்க வேண்டும். ஆக, மருந்து ஊர் விட்டு ஊர் போனது குழந்தைகளின் உடம்பில்தான். ஸ்பெயின் அரசு 1803-ல் அமெரிக்கக் கண்டத்துக்குப் பால்மிஸ் என்ற மருத்துவரை அனுப்பியபோது 22 அநாதைப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றி, இருவர் இருவராகக் குத்திக் கடலைத் தாண்டியது. நம் சாலைகளிலும் அதே முறையில்தான் வந்தது. அன்னா டஸ்ட்ஹாலின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. சென்னைக்கும் அதற்கப்பால் செங்கற்பட்டுக்கும் நெல்லூருக்கும் தங்கள் கைகளில் அதைச் சுமந்து போன பிள்ளைகளின் பெயர்கள் ஏறவில்லை.

சென்னையில் அப்போது தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நுங்கம்பாக்கத்தில் தாவரத் தோட்டம் வளர்த்த அதே ஆண்டர்சன். அவர் இதை முன்னின்று ஆதரித்தார். ஊருக்குள் போய்க் குத்தியவர்களில் சாமி நாயக்கர் என்ற நாட்டு வைத்தியரின் பெயர் கும்பினி ஏடுகளில் இருக்கிறது. வெள்ளைக்கார மருத்துவர் பல்லக்கில் வந்து இறங்கினால் கதவு சாத்தும் தெருவில், நாயக்கர் போன்றவர்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து பேசி, ஒரு பிள்ளையின் கையை வாங்கியிருக்க முடியும் என்று நம்புகிறேன்.

கதவு சாத்தியதை மூடநம்பிக்கை என்று அன்றைய அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அந்த நினைப்பில் பிறந்ததுதான் எல்லிஸ் செய்த காரியம். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1810 முதல் சென்னைக் கலெக்டர். திருக்குறளைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். தண்ணீர்ப் பஞ்சத்தில் கிணறுகள் வெட்டி, அதில் குறளைச் சேர்த்துத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பசு அம்மை நம் சாத்திரத்தில் முன்பே சொல்லப்பட்டதுதான் என்று மக்களை நம்பவைக்க, தெய்வ வாக்குப் போன்ற ஒரு பழங்கதையை அவரே எழுதினார். பழைய தாளில் எழுதி, எங்கோ கண்டெடுத்ததுபோல் காட்டப்பட்டது என்று அக்கால ஆங்கிலேயரே பதிவு செய்திருக்கிறார்கள். 1819 ஜனவரியில் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் ‘கல்வி விரும்பன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுவின் மடிக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்துக் குத்தும் முறை தன்வந்திரியின் நூலிலேயே இருக்கிறது என்றது அது. மருத்துவ வரலாற்றாசிரியர் டொமினிக் வூயஸ்டிக் இந்தக் கதையை நூல் பிடித்துத் தொடர்ந்து போய், அப்படி ஒரு பழைய நூல் இல்லை என்று காட்டிவிட்டார். ஆனாலும் ‘தடுப்பூசியை நாமே கண்டுபிடித்தோம்’ என்று இன்றும் கைப்பேசிகளில் சுற்றும் செய்திகளுக்கு மூலம் அந்தக் கடிதம்தான். வங்காளத்துக் கீறல் முறை உண்மையில் நம்முடையது, பெருமைப்படலாம். பசு அம்மைக் கதை நமக்காக ஒரு கலெக்டர் எழுதித் தந்தது. நல்ல நோக்கம் இருந்தாலும் அது தவறான வழி. மக்கள் ஏன் தயங்கினார்கள் என்று கேட்டறிய வேண்டிய இடத்தில் ஒரு புனைவை வைத்துவிட்டது.

தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. யாரோ ஒரு பிள்ளையின் புண்ணிலிருந்து எடுத்ததைத் தன் பிள்ளைக்கு வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. அந்த முறையில் மேகப்புண் போன்ற வேறு நோய்கள் தொற்றியதும் உண்டு. தன் பிள்ளைக்குக் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து நீர் எடுக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். கூலிக்குப் போகிற வீட்டில் பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல் என்றால் நான்கு நாள் அடுப்பு எரியாது. இவற்றைக் கேட்காமல் சாதியும் சாமியும்தான் தடை என்று எழுதிவிடுவது அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது.

சூரியநாராயணா தெரு வழியாகக் காசிமேடு வந்தபோது துறைமுகத்தில் ஏலம் முடியும் தறுவாயில் இருந்தது. வஞ்சிரம் போய்விட்டது, சங்கராவும் காரப்பொடியும் கூடைகளில். ஓரமாக உட்கார்ந்து கூறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் முன்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது. காலணா அகலத்தில் வட்டமாய், நடுவே குழிந்து, சுற்றிலும் சுருக்கம் விழுந்து. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் இதைப் பார்ப்பது அரிது. கேட்டதும் கையை நீட்டிக் காட்டினார்.

“அம்மை குத்துறவன் வரான்னா கட்டுமரத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்குவோம் தம்பி. சின்னதா முள்ளு வச்ச ஒரு சக்கரம் வச்சிருப்பான். கையில அழுத்தி ஒரு திருகு திருகுனான்னா உசிரு போயிடும். அப்புறம் புண்ணாயி, சீழ் கட்டி, பொருக்கு உதுர ஒரு மாசம்.”

அவர் சொன்னது சுழல் கத்தி. நடுவே ஒரு காம்பு, நுனியில் பல் வைத்த சிறு வில்லை. இந்தியாவில் 1960களிலும் அதுதான் பரவலான கருவி. தோலைத் தேவைக்கு மேல் கிழித்துவிடும். பிறகு வந்த இருமுனை ஊசி எல்லாவற்றையும் மாற்றியது. கவட்டை போன்ற அதன் நுனியில் ஒரு துளி மருந்து நிற்கும். பதினைந்து முறை மெல்லக் குத்தினால் போதும். பழைய முறையைவிடக் கொஞ்ச மருந்தே செலவாகும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிறிது நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

பாட்டி இன்னும் சொன்னார். “எங்க அண்ணனுக்கு வார்த்துச்சு. கார்ப்பரேசன் வண்டி வந்து தண்டையார்பேட்டைக்கு ஏத்திக்கினு போனாங்க. எங்கம்மா பின்னாலயே ஓடுச்சு. அவன் பொழச்சுக்கினான், ஒரு கண்ணு போச்சு. தெருவுல மூணு பேரு போயிட்டாங்க.” வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு என்றார். தீட்டு வீட்டுக்காரர் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பொறுக்க வேண்டும். ஆனால் ஆத்தாவைப் பார்க்க வருகிறோம் என்று சொந்தக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்காருவார்கள் என்பதையும் அவரே சொன்னார். வேப்பிலை காத்த அளவுக்கு உறவு காக்கவில்லை.

நெடுஞ்சாலைக்கு ஏறினால் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன. புழுதியில் டீக்கடைகள். தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. காலரா, தொண்டை அடைப்பான், சின்னம்மை என்று வருகிறவர்களைப் பார்க்கும் இடம். கொரோனா காலத்திலும் நிறைந்து கிடந்தது. பெரியம்மைக் காலத்தில் இதன் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் ஏ.ஆர். ராவ். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் அறிமுகமாக வேண்டும்.

ராவ் தன் படுக்கைகளில் இருந்த ஒவ்வொருவரையும் குறித்து வைத்தார். எந்த நாளில் காய்ச்சல், எந்த நாளில் கொப்புளம், எங்கே அடர்த்தி, அம்மை குத்திய தழும்பு உண்டா, வீட்டில் வேறு யாருக்கு, எத்தனை நாள் கழித்து. அப்படிச் சேர்ந்தது 6,942 நோயாளிகளின் கணக்கு. 1972-ல் பம்பாயில் அச்சான அவருடைய பெரியம்மை நூலில் அது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிப்பு வரலாற்றைப் பெரும் நூலாக வெளியிட்டபோது, நோயின் வகைகளையும் சாவு விகிதத்தையும் சொல்லும் அட்டவணைக்கு ராவின் கணக்கையே எடுத்துக்கொண்டது. இன்று உலகின் எந்த மருத்துவக் கல்லூரியில் பெரியம்மையைப் பாடமாக நடத்தினாலும், அதில் தண்டையார்பேட்டைக் கட்டில்கள் இருக்கின்றன.

அந்த 6,942 பேரில் 3,398 பேர் ஏற்கெனவே எப்போதோ அம்மை குத்திக்கொண்டவர்கள். கிட்டத்தட்டப் பாதி! ‘குத்தியும் வந்துவிட்டதே, பிறகு எதற்குக் குத்த வேண்டும்’ என்று அன்று தெருவில் கேட்டிருப்பார்கள். இன்று வேறு ஊசிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். கணக்கின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். குத்திக்கொள்ளாத 3,544 பேரில் நூற்றுக்கு 35.5 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 6.3. குழந்தையில் ஒரு தடவை குத்திய காவல் ஆண்டுகள் போகப்போகத் தேய்ந்துபோகும், அதனால் பெரியவர்களுக்கு நோய் வந்தது. தேய்ந்த பிறகும் உயிரைக் காத்தது. குத்தியும் நோய் வந்ததற்கு இன்னொரு காரணம் வெயில். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கியதே அம்மைப்பால் தயாரிப்பதற்குத்தான். கன்றுக்குட்டியின் விலாவை மழித்துக் கீறி, வளர்ந்த கொப்புளத்தைச் சுரண்டி எடுத்துக் கிளிசரினில் கலப்பார்கள். குழந்தையின் கையிலிருந்து எடுக்கும் வேலை அதோடு போயிற்று. ஆனால் அந்தத் திரவம் சித்திரை வெயிலில் ஊர் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். நிறுவனத்துக்குப் பெயர் தந்த டபிள்யூ.ஜி. கிங், கம்பளிக் கொழுப்பில் குழைத்துப் பார்த்ததே இந்த வெயிலைச் சமாளிக்கத்தான். உறைய வைத்து உலர்த்திய பொடி மருந்து 1950களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கோலியர் கையில் பக்குவமான பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அந்தப் பொடியைக் கிண்டியிலும் செய்தார்கள். உயிரற்ற மருந்தைக் குத்தி, வலியை மட்டும் கொடுத்துவிட்டுப் போன காலம் நீண்டது. மக்களின் அவநம்பிக்கைக்கு அது எவ்வளவு உரமிட்டிருக்கும்!

மருத்துவமனைக்கு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் வந்தார்கள். லிவர்பூலிலிருந்து ஆலன் டவ்னி, அமெரிக்காவின் டென்வரிலிருந்து ஹென்றி கெம்ப். குழந்தைகளைப் பெற்றோரே அடித்துக் காயப்படுத்துவதை மருத்துவ உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்த 1962-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய கெம்ப்தான் இவர். அவர்கள் ராவோடு சேர்ந்து நோயாளியின் வாய்க்கு அருகே காற்றை உறிஞ்சிச் சோதித்தார்கள், தலையணையைத் துடைத்துச் சோதித்தார்கள். அறைக் காற்றில் கிருமி குறைவு, வாயருகிலும் படுக்கையிலும் அதிகம் என்று தெரிந்தது. நோயாளியோடு பழகியவர்களுக்கு மெத்திசசோன் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1963-ல் லான்செட் இதழில் வந்த முடிவு பரபரப்பாக இருந்தது. மருந்து எடுத்துக்கொண்ட 1,101 பேரில் 3 பேருக்கே நோய்; எடுக்காத 1,126 பேரில் 78 பேருக்கு, அதில் 12 சாவு. பின்னர் ராவும் மற்றவர்களும் நடத்திய சோதனைகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதினார். எடுக்காதவர் பட்டியலில் இருந்த அந்தப் பன்னிரண்டு பேர் ராயபுரம், வியாசர்பாடி போன்ற இடங்களின் தெருக்களைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். சாலையில் நின்று அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு யாரும் எதுவும் கட்டி வைக்கவில்லை. ஜென்னரின் தோட்டக் குடிலுக்கு இருக்கும் மரியாதையில் ஒரு பலகையாவது இந்த மதில்மேல் வேண்டும்.

ராவின் கண்டுபிடிப்புகளில் உலகுக்கு மிகவும் உதவியது 254 குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து அவரும் குழுவினரும் 1968-ல் எழுதியது. பெரியம்மை மின்னல் வேகத்தில் ஊரை வளைப்பதில்லை. கொப்புளம் கண்ட பிறகே தொற்றுகிறது. பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் இருப்பவரையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரையும் பிடிக்கிறது. அப்படியானால் ஊர் முழுக்கக் கோடிக்கணக்கில் குத்திக்கொண்டே இருப்பதைவிட, நோய் கண்ட வீட்டைச் சட்டென்று கண்டுபிடித்து, அந்த வீட்டையும் சுற்று வீடுகளையும் குத்திவிட்டால் போதும். நைஜீரியாவில் 1966 டிசம்பரில் வில்லியம் ஃபோகி இதே வழியைக் கையில் எடுத்தார், உலகம் அவரைக் கொண்டாடுகிறது, அது தகும். ஏறக்குறைய அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இந்த வழியில் வேலை நடந்து, 1960கள் முடியும்போது இங்கே தொடர் பரவல் நின்றுபோனது. வடக்கே 1974-ல் பீகாரும் உத்தரப் பிரதேசமும் பற்றி எரிந்தன; அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் 1,88,003 பேருக்கு நோய், 31,262 சாவு. பின்னர் அங்கேயும் வீடு வீடாகத் தேடும் வேலைதான் முடித்து வைத்தது. நோயாளியைக் காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசு என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் சைபன் பீபிக்குக் கண்டதே நாட்டின் கடைசி பெரியம்மை. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினேன். காலடிப்பேட்டை, 1710களில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் பார்த்துவிட்டு, வட்டப்பாறையம்மன் சன்னிதியில் சிறிது நேரம் நின்றேன். உக்கிரம் தணிந்து அமர்ந்தவள் என்பார்கள். பிறகு ஷேர் ஆட்டோ. எர்ணாவூர் தாண்டியதும் காற்றின் வாசனை மாறுகிறது. கத்திவாக்கம், எண்ணூர். ஒரு பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகள், மறு பக்கம் ஆலைகளின் புகைபோக்கிகள். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் மிதந்து வந்து வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கிய நீர் இதுதான். மாநகரம் தனக்கு வேண்டாததை எல்லாம் இறக்கி வைக்கும் இடமாக இந்தக் கரை ஆகிவிட்டது. இங்கே பிள்ளை வளர்ப்பது எளிதில்லை.

ஒரு அங்கன்வாடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நீல நிறக் குளிர்ப்பெட்டி, அதற்குள் ஐஸ் பை. செவிலியர் குப்பியின் மூடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம். வெயில் பட்டு மருந்து கெட்டுப்போனால் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிடும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கிய நேரத்தைக் குப்பிமேல் எழுதி வைத்திருந்தார். நான்கு மணி நேரம்தான் ஆயுள். சித்திரை வெயிலிடம் தோற்ற அந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு இந்தச் சிறு சதுரம் பதிலாக நிற்கிறது.

“போன தடவை போட்டதுக்கு ரெண்டு நாள் ஜுரம் சிஸ்டர். எங்க வீட்டுல இந்த வாட்டி வேணாம்னாங்க. எங்க மாமியார்தான் போய்ப் போட்டுக்கினு வான்னு அனுப்புனாங்க” என்றாள் ஒரு இளம் தாய்.

“ஜுரம் வரத்தாம்மா செய்யும். உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம். நைட்ல ஏறிச்சுன்னா இந்தச் சொட்டு மருந்து குடு. ஊசி போட்ட எடத்தைத் தேய்க்காத. அரை மணி நேரம் இங்கயே உக்காரு, போயிடாத.”

காரணத்தைச் சொல்லி, பயத்தைக் கேட்டு, உட்காரவைத்து அனுப்பிய அந்தப் பேச்சை எல்லிஸ் கேட்டிருக்க வேண்டும் என்று பட்டது.

பதினொன்றரை மணிக்குக் கூட்டம் குறைந்தது. செவிலியர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். வர வேண்டிய ஒரு குழந்தை வரவில்லை. பீகாரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த குடும்பம். அவர்களைத் தேடி அவர் கிளம்ப, நானும் கூடப் போனேன். தகர ஷெட்டுகளின் வரிசை. முன்பு அந்தக் குடும்பம் இருந்த கதவைத் தட்டினால் வேறொரு பெண் எட்டிப் பார்த்தாள். “பச்சா கித்னா மஹினா?” என்று அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டிக் கேட்டார் செவிலியர். அட்டையை வாங்கிப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு எல்லாம் சரியாகப் போட்டிருப்பதை உறுதி செய்துகொண்டார். பழைய குடும்பம் போன மாதமே அத்திப்பட்டுப் பக்கம் போய்விட்டதாம். அங்கே மாவட்டமே வேறு.

சந்து முனையில் ஒரு புங்க மரத்தடியில் நின்று அவர் கைப்பேசியை எடுத்தார். “அக்கா, எண்ணூர்லேர்ந்து பேசுறேன். ஒரு பாப்பா உங்க பக்கம் வந்திருக்கு. அம்மா பேரு, நம்பர் எல்லாம் அனுப்புறேன். ரெண்டாவது பென்டா ஊசி பாக்கி. புதுநகர் பக்கம் கம்பெனி ஷெட்ல இருப்பாங்களாம், விசாரிச்சுக் கண்டுபிடிச்சுடுங்க. அடுத்த புதன் வரைக்கும் விட வேணாம், நாளைக்கே ஒரு எட்டு பாத்துடுங்க.”